பதில் வராத அழைப்பிதழ்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்று பெரியோர் சொல்லி வைத்தார்கள். பல்லேகலவில் சிறிய வீடொன்றைக் கட்டி முடித்தபோது அந்த வாக்கின் முற்பாதி எனக்கு நன்றாக விளங்கிவிட்டது. பிற்பாதியை விளங்க வைத்தவள் என் அண்ணாவின் மகள். அண்ணா காலமாகிவிட்டபடியால், 2023 ஆம் ஆண்டு அவளுடைய கலியாணத்தைத் தந்தையின் இடத்தில் நின்று நடத்தி வைக்கும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. கல்லூரியில் முந்நூறு மாணவருக்கு நேரசூசி தயாரிக்கும் எனக்கு இதுவும் ஒரு பெரிய காரியமா என்று எண்ணினேன். அவ்வெண்ணம் ஒரு வாரத்துக்கு மேல் நிலைக்கவில்லை.

முதலில் நாள் பார்த்தோம். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் வேண்டுமென்று சம்பந்தி வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சோதிடர் முதலிற் குறித்துத் தந்த நாள் ஆகஸ்ட் மாதக் கடைசியில் வந்தது. ஆகஸ்ட் 30 ஆம் திகதி நிக்கினிப் போயா. அதையொட்டிக் கண்டி நகர் முழுவதும் எசல பெரஹராவுக்காகக் கூடி நிற்கும். வீதிகள் மூடப்படும், தங்குமிடம் கிடைக்காது, வடக்கிலிருந்து வருவோர் நகரைக் கடந்து எம்மிடம் வந்து சேருவதற்குள் முகூர்த்தம் கடந்துவிடும். இரண்டாவதாகத் தந்த நாள் செப்டெம்பர் 2. அன்று எங்கள் பல்லேகல மைதானத்தில் ஆசியக் கிண்ணத்துக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடவிருந்தன! 2009 ஆம் ஆண்டு அந்த மைதானம் திறக்கப்பட்ட நாள்முதல், பஞ்சாங்கத்தோடு கிரிக்கெட் அட்டவணையையும் பார்த்தே நாங்கள் நல்ல காரியங்களுக்கு நாள் குறிக்கிறோம். அந்தப் போட்டி மழையால் முடிவின்றிப் போயிற்று என்பது வேறு கதை. ஈற்றில் ஆவணி முடிவதற்குள் வந்த மூன்றாவது முகூர்த்தத்தை ஏற்றுக்கொண்டோம்.

நாள் நிச்சயமான பின்னரே அழைப்பிதழ் அச்சிடலாம். பதிவாளரிடம் விவாக அறிவித்தல் கொடுத்தால் விசேட அனுமதி பெற்றாலன்றிப் 12 நாட்கள் கழிய வேண்டும். அதையும் கணக்கில் எடுத்தோம். அந்நாட்களிற் காகிதம் விலையேறிய பொருள். முந்திய ஆண்டு மேல் மாகாணத்திலே காகிதமின்றித் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்ததை ஆசிரியர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். தபாற் செலவும் அப்படியே. 15 ரூபா முத்திரையில் போன சாதாரணக் கடிதத்துக்கு 2022 ஆகஸ்டிலிருந்து 50 ரூபா ஆயிற்று. ஆகவே 140 அழைப்பிதழ்களுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தீர்மானித்தோம். முதல் இதழை மஞ்சள் தடவிக் கட்டுக்கலைப் பிள்ளையாரின் சந்நிதியில் வைத்தோம். வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னரே தொலைபேசியிற் சொல்லிவிட்டோம். அவர்கள் விடுமுறை எடுக்க வேண்டும், பயணச்சீட்டு வாங்க வேண்டும் அல்லவா? உள்ளூரவர்களுக்கு மூன்று வாரத்துக்கு முன் தபாலில் இட்டோம். அதற்கு முன்னே அனுப்பினால் மறந்துவிடுவார்கள், அதற்குப் பின்னே அனுப்பினால், "எங்களைக் கடைசியாகத்தான் நினைத்தார்களா?" என்பார்கள்.

நிற்க. சிக்கல் மண்டபத்தில் இருந்தது. பல்லேகலவுக்கு அண்மையில் நாங்கள் ஒழுங்கு செய்த மண்டபத்தினர், பத்து நாட்களுக்கு முன்னர் விருந்தினர் தொகையைத் திட்டமாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. மேசைக்குப் பத்துப் பேர், மேசைகள் இருபத்தைந்து. ஒவ்வொரு மேசைக்கும் இலக்கம் இட்டு, யார் எங்கே என்று எழுதிய பட்டியலை வாசலில் வைக்க வேண்டும். வேறு வழி தோன்றாமையால், "தங்கள் வரவை இத்திகதிக்கு முன் தொலைபேசியில் அறியத்தருக" என்ற வாசகத்தை அழைப்பிதழின் அடியிற் சேர்த்தேன். மேல்நாட்டார் இதனை ஆர்.எஸ்.வி.பி. என்று நான்கு எழுத்திற் சுருக்கமாக எழுதுவர். 'தயவுசெய்து பதில் தருக' என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துக்கள் அவை. அவர்களிடத்தில் பதில் எழுதாதிருப்பது மரியாதைக் குறைவு. நம்மவரிடத்திலோ பதில் கேட்பதுதான் மரியாதைக் குறைவு!

தவணைத் திகதி வந்தபோது பதில் சொன்னவர்கள் முப்பத்தொரு பேர். எஞ்சியவர்களை நானே அழைத்துக் கேட்டேன். பெரியப்பா ஒருவர் சீறினார்: "வருவாயா என்று கேட்கிறாயே, வராதே என்று சொல்கிறாயா?" இன்னொருவர், "கடவுள் சித்தம், பார்ப்போம்" என்றார். அவரை எந்த மேசையில் இருத்துவது? கல்லூரிச் சிங்கள நண்பர் ஒருவரும் அயலில் உள்ள முஸ்லிம் குடும்பத்தினரும் மாத்திரமே திகதி தவறாமல், எத்தனை பேர் வருவோம் என்று திட்டமாகச் சொன்னார்கள்.

பின்னர் மூன்று இரவுகள் மேசைப் பட்டியலோடு போராடினேன். பேச்சுவார்த்தை இல்லாத மைத்துனர் இருவரைப் பிரிக்க வேண்டும். வயோதிபரை மின்விசிறிக்கு அருகிலும், மேளச் சத்தத்துக்குத் தொலைவிலும் இருத்த வேண்டும். சம்பந்திமாரை முன்னே இருத்த வேண்டும்; அதனால் நம்மவர் முகம் கோணாமலும் இருக்க வேண்டும். ஆசனம் என்பது சின்ன விஷயமா? 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று வந்த கட்டளையை எதிர்த்து எத்தனை கலகம் நடந்தது! ஒரு பிள்ளை வாங்கில் இருப்பதா, நிலத்தில் இருப்பதா என்பதில் ஒரு சமுதாயத்தின் மனமே தெரிந்தது. இதையெல்லாம் வகுப்பில் எடுத்துச் சொல்லுகின்ற நான், என் பட்டியலில் எவருக்கும் குறை வைக்கவில்லை என்று நம்பிக்கொண்டேன்.

எங்கள் குடும்பம் மலையகக் குடும்பம். என் தந்தையின் தங்கை, என் அத்தை, ஹேவாஹெட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். கொழுந்து பறித்த கையால் எனக்கு முதன்முதல் வெள்ளைச் சட்டை தைப்பித்துத் தந்தவர் அவர். இரண்டு வருடங்கள் அவருடைய லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கின் முன் இருந்துதான் நான் படித்தேன். அவரை எங்கள் வழக்கப்படி வெற்றிலை பாக்கோடு நேரிற் சென்று அழைத்திருக்க வேண்டும். போய்வர ஒரு நாள் முழுவதும் செல்லும்; பரீட்சைத் தாள்கள் குவிந்து கிடந்தன. அத்தைதானே, கோபிக்க மாட்டார் என்று எண்ணித் தபாலில் அனுப்பினேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை. அவர் வீட்டில் இருந்த ஒரே தொலைபேசியை மகன் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது கொண்டுபோயிருந்தான். இந்த வயதில் அவ்வளவு தூரம் வரமாட்டார் என்று நானே முடிவு செய்து, பட்டியலை முடித்துவிட்டேன்.

கலியாண நாள் வந்தது. நாதஸ்வரம் ஒலிக்க, முகூர்த்தம் தவறாமல் தாலி ஏறியது. மணமக்களுக்கு அறுகரிசி இட்டு நான் நிமிர்ந்தபோது, வாசலில் பட்டியலோடு நிறுத்தியிருந்த என் மாணவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"சேர், வயதான அம்மா ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். பட்டியலிற் பெயர் இல்லை. கொஞ்சம் இருங்கள், கேட்டு வருகிறேன் என்றேன். தாலி கட்டும் நேரமாகிவிட்டது. இப்போது பார்த்தால் ஆளைக் காணவில்லை."

அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான் எழுதிக் கொடுத்ததை அவன் வாசித்தான். வேட்டியை மடித்துக்கொண்டு வீதிக்கு ஓடினேன். பஸ் தரிப்பிடத்தில் அத்தை இருந்தார். கொண்டுவந்த பணிசைப் பிய்த்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஏன் வந்துவிட்டீர்கள்?" என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை.

"பேரு இல்லேன்னாங்க தம்பி. காயிதம் நேத்து அந்திக்குத்தான் கைக்கு வந்துச்சு. ஆபீசிலயே கெடந்திருக்கு. பேத்திதான் வாசிச்சா. பதிலு சொல்லணும்னு போட்டிருந்தியாமே, நான் சொல்லலையே. அது என் தப்புத்தானே? பொண்ணைத் தூரத்திலேருந்து பாத்துட்டேன். ராசாத்தி மாதிரி இருந்தா. அது போதும், நீ போ, ஆளுக தேடுவாங்க."

லயன்களில் வீட்டுக்குத் தனி இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. கடிதங்கள் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உரியவர் கையை அடையும். இது எனக்குத் தெரியாததா? மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, அவ்வருடம் ஜூலைக் கடைசியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தது. அந்நாட்களில் ஒரு கூட்டத்திலே, முகவரி இல்லாத மக்கள் என்ற தலைப்பில் நான் அரை மணி நேரம் பேசினேன், கை தட்டினார்கள். அதே மாதத்தில், முகவரி இல்லாத என் அத்தைக்குத் தபாலில் அழைப்பிதழை அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று அவர் பெயரை நீக்கியவனும் நான்தான்.

"அத்தை, பட்டியலில் என் பெயருந்தான் இல்லை" என்றேன். அவர் நம்பவில்லை. "உண்மை. இருபத்தைந்து மேசையில் ஒன்றிலேனும் எனக்கு இடம் இல்லை. வீட்டுக்காரனுக்கு யார் இடம் போடுவார்கள்? விருந்தாளிகள் எல்லாரும் சாப்பிட்ட பின்புதான் நமக்குப் பந்தி."

அத்தை என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப நம்ம வீட்டுப் பந்திக்குன்னா வாரேன்" என்று எழுந்தார்.

அவ்வாறே பின்னேரம் மூன்று மணிக்கு, மண்டபத்தார் மேசைகளை ஒதுக்கத் தொடங்கிய வேளையில், நாங்கள் வீட்டார் பதினைந்து பேர் உட்கார்ந்தோம். மணமகள் கூறைச் சேலையோடு வந்து அத்தையின் பக்கத்தில் இருந்தாள். யாழ்ப்பாணத்துச் சம்பந்தியம்மாள், தான் முன்னரே சாப்பிட்டுவிட்டபடியால், தானே சோற்றை எடுத்து அத்தைக்குப் பரிமாறினார். "இன்னும் கொஞ்சம் போடட்டோ, அக்கா?" என்று அவர் கேட்டதும், "போதுங்க அம்மா" என்று அத்தை கூச்சத்தோடு மறைத்ததும் இன்றும் என் காதில் இருக்கின்றன. திரும்பும்போது அத்தை முடிச்சை அவிழ்த்து, ஆயிரம் ரூபாத் தாள் ஒன்றை மொய்யாக வைத்தார். ஒரு முழு நாள் வேட்டிக் கொழுந்து பறித்தாலும் அந்நாளில் அவருக்குக் கிடைத்த சம்பளம் அவ்வளவுதான்.

கலியாணம் செய்யவிருக்கும் அன்பர்களுக்கு, பட்டறிந்தவன் என்ற முறையிற் சில சொல்லுவேன். நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு ஊர் நாட்காட்டியையும் பாருங்கள். அழைப்பிதழை மூன்று வாரத்துக்கு முன் அனுப்புங்கள். தோட்டங்களுக்கும் தூரத்துக் கிராமங்களுக்கும் இன்னும் இரு வாரங்கள் முந்துங்கள். பதில் கேட்பதிற் பிழையில்லை. ஆயினும் கேட்க வேண்டியவர் அழைப்பவரே. பதில் வராத வீட்டுக்கு நீங்களோ, உங்கள் வீட்டு இளைஞர் ஒருவரோ போய் வாருங்கள். மேசைகளுக்குள் இரண்டைப் பெயரில்லாமல் வையுங்கள். அவை ஒருபோதும் வெறுமையாய் இரா. வாசலில் நிற்க வைப்பவரிடம் பட்டியலைக் கொடுப்பதற்கு முன், பெயரில்லாமல் வருபவரை முதலில் உள்ளே அழைத்து உட்கார வைத்துவிட்டுப் பின்பு பட்டியலைப் பார்க்குமாறு சொல்லி வையுங்கள். முகம் மாறி நோக்கினாலே விருந்தினர் வாடுவர் என்று, முகர்ந்தால் வாடும் அனிச்ச மலரைக் காட்டிச் சொன்னார் வள்ளுவர். அதை நான் ஆண்டுதோறும் வகுப்பிற் படிப்பிக்கிறேன். என் மாணவன் முகம் மாறவில்லை, பணிவாகத்தான் பேசினான். தாளிற் பெயர் இல்லாததே அவரை வாட்டப் போதுமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து வெற்றிலை பாக்கோடு ஹேவாஹெட்டைக்குப் போனேன். கலியாணம் முடிந்த பின் அழைக்க வந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அத்தை தேநீர் ஊற்றித் தந்தார். காம்பராவின் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், அழைப்பிதழை உறையோடு சொருகி வைத்திருந்தார். உறையை எடுத்துப் பார்த்தேன். அத்தையின் பெயர், தோட்டத்தின் பெயர், ஹேவாஹெட்டை: என் கையெழுத்தில் மூன்று வரிகள் இருந்தன. பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தேன். இலக்கம் ஏதாவது இருக்கும், பிறகு கேட்டு எழுதலாம் என்று எண்ணினேன் போலும். அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.