புள்ளியின் சாட்சியம்

இழந்த பொருளைத் தேடுதல் மனிதனின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. கட்டை அறுத்துக்கொண்டு போன பசுவைத் தேடியவன் குளம்படியைப் பார்த்தான். வழியிற் கண்டோரை வினவினான். கழுத்து மணியின் ஓசைக்குச் செவி கொடுத்தான். யாழ்ப்பாணத்திலே மாடுகளுக்குக் குறி சுடும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அக்குறி மாடு எவருடையது என்பதைச் சொல்லும்; எங்கே நிற்கின்றது என்பதைச் சொல்லாது. மணியோசை எங்கே நிற்கின்றது என்பதைச் சொல்லும். எவருடையது என்பதையோ, இப்பொழுது எவர் கையில் இருக்கின்றது என்பதையோ சொல்லாது. இவை மூன்றும் வெவ்வேறு வினாக்கள். ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கும் உரிய விடையாகக் கொள்வதால் எத்தகைய தீங்கு விளையக்கூடும் என்பது, இங்கிலாந்திலே ஒரு களவை அருகில் நின்று பார்த்தபோது எனக்கு விளங்கிற்று.

யோர்க்ஷயரிலுள்ள லீட்ஸ் நகரில் ஆராய்ச்சி மாணவனாக நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் ஒரு முதிய தம்பதியர். கணவர் தபாற் சேவகராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவி மருத்துவத் தாதியாய் இருந்தவர். அவர்கள் வீட்டு வாசலில் வெளிர்பச்சை நிறமான வொக்ஸ்வாகன் வான் ஒன்று நின்றது. அதனை அவர்கள் 'காம்பர் வான்' என்றனர். ஓட்டிச் செல்லவும் உறங்கவும் சமைக்கவும் ஏற்றவாறு உள்ளமைப்பு மாற்றப்பட்ட ஊர்தி அது.

அவ்வகை ஊர்திக்கு ஐரோப்பாவில் ஒரு வரலாறு உண்டு. 1947 ஏப்ரல் 23 ஆம் நாள் பென் பொன் என்னும் ஒல்லாந்து வணிகர் தம் குறிப்புப் புத்தகத்தில் பெட்டி போன்றதொரு வானின் உருவைக் கீறினார். 1950 இல் வொக்ஸ்வாகன் நிறுவனம் அதனை உற்பத்தி செய்யத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே வெஸ்ற்பாலியா என்னும் ஜேர்மன் நிறுவனம் அதற்குள் கட்டிலும் அலுமாரியும் பொருத்தும் ஏற்பாட்டைச் செய்தது. போரினால் நொந்த ஒரு தலைமுறைக்கு, விடுதிக் கட்டணம் இன்றிக் கடற்கரையிற் கண் விழிக்கும் வாய்ப்பை அது தந்தது. எங்கள் வீட்டுக்கார முதியவருக்கும் அவ்வாறே. வேல்ஸ் மலைகளிலும் ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையிலும் அவர்கள் கழித்த கோடைகள் பல. வானின் அலுமாரிக் கதவிலே பேரப் பிள்ளைகளின் உயரத்தை ஆண்டுதோறும் பென்சிலாற் கோடிட்டு வைத்திருந்தனர். சன்னல் திரைச்சீலைகள் அம்மையார் கையால் தைத்தவை.

2022 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஓர் இரவு, அந்த வான் களவு போயிற்று. காலையில் வாசலில் நீள்சதுர வடிவாய் ஓர் உலர்ந்த இடம் மாத்திரம் இருந்தது. சுற்றிலும் மழை நனைத்திருந்தது. காப்புறுதி நிறுவனம் பணம் தரும் என்றார் மருமகன். "பென்சிற் கோடுகளுக்கு என்ன விலை போடுவார்கள்?" என்று கேட்டார் அம்மையார்.

எனினும் முதியவர் முற்றிலும் கைவிடப்பட்டவராக இல்லை. களவுக்குச் சில மாதங்களுக்கு முன் அவர் இரண்டு சிறு வில்லைகளை வாங்கியிருந்தார். ஒன்றைச் சாரதியின் அருகேயுள்ள பெட்டியில் இட்டார். மற்றதை அம்மையார் பின்னிருக்கையின் மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டார். இவ்வில்லைகள் செயற்படும் முறையை இங்கே சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில், பின்னர் நேர்ந்தவை யாவும் அம்முறையைச் சார்ந்தவை.

ஊர்தியின் இடத்தை அறியும் கருவிகளை இருவகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, செய்மதிகளின் துணை கொண்டு தன் இடத்தைத் தானே கணிப்பது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் அமெரிக்கச் செய்மதிகளுள் நான்கினது நேரக் குறிப்புகளையேனும் பெற்று, அவை வந்து சேர்ந்த கால வேறுபாட்டிலிருந்து அது தன் இடத்தைக் கணிக்கின்றது. 2000 ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்குரிய சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அது நீக்கப்பட்ட பின்னரே ஊர்தியொன்றைத் தெருவளவில் அடையாளங் காணுதல் எளிதாயிற்று. கணித்த இடத்தை இக்கருவி கையடக்கத் தொலைபேசி வலையமைப்பின் வழியே உரிமையாளருக்கு அனுப்பும். அதற்குச் சிம் அட்டை வேண்டும். பெரும்பாலும் சந்தாப் பணமும் வேண்டும். தபாற் கந்தோரின் ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர் அதனை விரும்பவில்லை.

இரண்டாவது வகையே அவர் வாங்கியது. 2021 ஏப்ரலில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட 'எயார்டேக்' இவ்வகையுள் மிகவும் அறியப்பட்டது: விட்டம் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர், எடை 11 கிராம், நாணயம் போன்ற மின்கலம் ஒன்று ஓராண்டளவு போதும். இவ்வகை வில்லைக்குத் தன் இடம் தெரியாது. செய்மதியோடு அதற்குத் தொடர்பில்லை. புளூடூத் எனப்படும் குறுந்தூர வானொலி அலையில், 'நான் இருக்கின்றேன்' என்று அது இடைவிடாது மெல்லக் கூவிக்கொண்டிருக்கும். அவ்வழியே செல்லும் எவரோ ஒருவரின் தொலைபேசி அதனைச் செவிமடுக்கும். செவிமடுத்த கணத்தில் தான் நிற்கும் இடத்தை மறைகுறியாக்கி அனுப்பும். அம்மறைகுறியை அவிழ்க்கும் திறவுகோல் வில்லையின் உரிமையாளரிடமே உண்டு. உதவியவர் எவர் என்பதை உரிமையாளர் அறியார். உதவினோம் என்பதை உதவியவரும் அறியார். கூவும் அடையாளமும் அடிக்கடி மாறுவதால், இடையில் நிற்போர் ஒரே வில்லையைத் தொடர்ந்து இனங்காணுதல் அரிது.

ஊரறியாத கோடிக்கணக்கானோரின் சட்டைப் பைகளையும் கைப்பைகளையும் கொண்டு கட்டப்பட்ட ஒத்துழைப்பு இது. வழியிற் கண்டோரை வினவிய பழைய முறையே புதுக்கோலம் பூண்டு வந்திருக்கின்றது எனலாம்.

களவு போன அன்றே முதல் வில்லை ஒரு பெற்றோல் நிலையத்தின் அருகே அசையாது நின்றுவிட்டது. கள்வர் அதனைக் கண்டெடுத்து எறிந்திருக்க வேண்டும். இரண்டாவது வில்லை தொடர்ந்து சென்று, சில மைல்களுக்கு அப்பாலுள்ள சிறு நகரொன்றின் தெருவிற் காட்சி தந்தது. வடஇங்கிலாந்தின் தொழிற்சாலை நகர்களுக்கே உரிய தெரு அது: நாலைந்து மீற்றர் அகலமான செங்கல் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்க, பின்புறத்தில் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்று செல்லும். தெற்காசியாவிலிருந்து குடியேறியோர் மிகுதியாக வாழும் பகுதி. படத்தில் நீலப் புள்ளி ஒரு வீட்டின் கூரைமேல் நின்றது. மருமகன் அத்தெருவின் ஒளிப்படத்தை இணையத்தில் எடுத்துப் பார்த்தார். வீட்டிலக்கம் தெரிந்தது, கதவின் நிறமும் தெரிந்தது.

"வீடே தெரிந்துவிட்டது, இனி எதற்காகக் காத்திருப்பது?" என்றார் அவர். பொலிஸாருக்கு அறிவித்திருந்தனர், அவர்கள் முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைத் தந்து, தாமாக அங்கே செல்ல வேண்டாம் என்று கூறியிருந்தனர். மருமகன் பொறுமை இழந்திருந்தார். அத்தெருவில் வாழும் மக்களைப் பற்றி ஒரு சொல் சொல்லத் தொடங்கியவர், மேசையின் மறுபுறத்தில் நான் இருப்பதைக் கண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் அல்லர். என் அறையின் வெப்பமூட்டியைத் திருத்தித் தந்தவர் அவரே. ஆயினும் ஒரு புள்ளி அவருக்கு ஒரு வீட்டைக் காட்டிற்று. வீடு ஓர் இனத்தைக் காட்டிற்று. இனம் ஒரு கள்வனைக் காட்டிற்று. இம்மூன்று படிகளையும் அவர் ஒரே தாவலிற் கடந்துவிட்டார்.

தொலைத்தொடர்பு என் படிப்போடு தொடர்புடைய துறையாதலின், ஒரு தாளை எடுத்துக் கீறிக் காட்டினேன். வில்லை தன் இடத்தைச் சொல்வதில்லை. அதனைக் கேட்ட தொலைபேசியின் இடமே நமக்கு வருகின்றது. வில்லையின் குரல் சில பத்து மீற்றர் வரை செல்லக்கூடும். தொலைபேசி தன் இடத்தைக் கணிப்பதிலும் சில மீற்றர் பிழை உண்டு. வீட்டுக்குள் அப்பிழை இன்னும் கூடும். இவ்விரண்டையும் சேர்த்து வட்டம் ஒன்றிட்டால், அதனுள் முன்வரிசையிற் பல வீடுகளும் பின்வரிசையிற் பல வீடுகளும் அடங்கும்.

அம்மையார் தாளை நெடுநேரம் பார்த்தார். பின்னர், "அப்படியானால் வண்டி அந்த வீட்டில் இருக்கின்றது என்று இது சொல்லவில்லை. வண்டியின் குரலைக் கேட்டவர் ஒருவர் அந்த வீட்டில் இருக்கின்றார் என்றே சொல்லுகின்றது. நாம் கதவை உடைக்க நினைப்பது நமக்கு உதவி செய்கின்றவருடைய வீட்டையோ?" என்றார்.

எவரும் விடை கூறவில்லை. முதியவர் மாத்திரம் எழுந்து சென்று ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். முப்பதாண்டு கடிதம் விநியோகித்தவருக்குத் தெருக்களின் முன்புறத்தைப் போலவே பின்புறமும் பழக்கம். அடுத்த இரு நாட்களும் புள்ளி புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு நேரத்தையும் இடத்தையும் அவர் குறித்து வந்தார். அவ்வீட்டின்மேல் புள்ளி விழுந்தது அதிகாலையிலும் முன்னிரவிலும் மாத்திரமே. அங்கு வாழ்பவர் வேலைக்குப் போய் வருபவர் என்பதற்கு மேல் அது எதையும் காட்டவில்லை. ஏனைய வேளைகளிற் புள்ளிகள் பின்னொழுங்கையின் இரு மருங்கும் சிதறி விழுந்தன. அவற்றையெல்லாம் ஒரு படத்தில் இட்டபோது, நடுவில் வந்து நின்றது வீடன்று. ஒழுங்கையின் முடிவிலிருந்த பழைய கராஜ் வரிசை.

கொப்பியின் பக்கங்களைப் பிரதி செய்து பொலிஸாரிடம் கொடுத்தனர். நான்காம் நாள் அவர்கள் அந்தக் கராஜுகளுள் ஒன்றைத் திறந்தபோது வான் உள்ளே நின்றது. இலக்கத் தகடு மாற்றப்பட்டிருந்தது. அடிச்சட்டத்திற் பொறித்த இலக்கமே அது எவருடையது என்பதை நிறுவிற்று. அடுப்பும் சக்கரங்கள் இரண்டும் கழற்றப்பட்டிருந்தன. அலுமாரிக் கதவு இருந்தது. வீட்டின்மேல் நின்ற அந்தப் புள்ளிக்குரியவர் எவர் என்பது இறுதிவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள முடியாதவாறே அம்முறை அமைக்கப்பட்டிருக்கின்றது. கள்வனெனக் கருதப்படவிருந்த ஒருவர், தாம் அறியாமலே நாட்கணக்காய் நன்மை செய்துகொண்டிருந்தார் என்றே நான் நம்புகின்றேன்.

இக்கருவிக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. களவைக் காணப் பயன்படும் வில்லை, ஒரு பெண்ணின் கைப்பையிற் களவாக இடப்படின் அவளைப் பின்தொடரும் கண்ணாகிவிடுகின்றது. அவ்வாறு பின்தொடரப்பட்ட பெண்கள் 2022 டிசம்பரிற் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். உரியவரைப் பிரிந்து வேறொருவரோடு செல்லும் வில்லை ஓசை எழுப்புவதும், உடன் செல்பவரின் தொலைபேசிக்கு எச்சரிக்கை போவதும் இத்தீமையைத் தடுப்பதற்கே. அப்பிளும் கூகிளும் 2023 மே மாதம் பொது விதிமுறை ஒன்றை முன்மொழிந்து, 2024 மே மாதம் அதனை இருவகைத் தொலைபேசிகளிலும் நடைமுறைப்படுத்தின. ஆனால், பெண்ணை எச்சரிக்கும் அதே மணி கள்வனையும் எச்சரிக்கின்றது. உடன் கொண்டு செல்பவர் பாதிக்கப்பட்டவரா, பாதகம் செய்தவரா என்பதை வில்லை அறியாது. வானை இழப்பவன் பொருளை இழக்கின்றான். பின்தொடரப்படுபவள் உயிரையே இழக்கக்கூடும். ஆதலால் எச்சரிக்கை நிலைக்கட்டும், கள்வன் தப்பினும் தப்பட்டும் என்பதே என் துணிபு. வில்லையைத் தைத்து மறைத்த அம்மையாரும் இதனை ஒப்புக்கொண்டார்.

சட்டமும் இப்புள்ளியை நோக்கி நகர்ந்திருக்கின்றது. 2025 பெப்ரவரியிற் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட குற்றவியல், பொலிஸ் சட்டமூலம், மின்னியல் முறையில் இடம் அறியப்பட்ட களவுப் பொருளைத் தேடுவதற்கு நீதிமன்றப் பிடியாணையின்றி வீட்டினுள் நுழையும் அதிகாரத்தைப் பொலிஸாருக்கு அளிக்க முன்மொழிந்தது. பிடியாணைக்குக் காத்திருக்கும் நேரத்திற் பொருள் கைமாறிவிடும் என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். வாசலில் உலர்ந்த இடத்தைப் பார்த்து நின்ற முதியவரின் முகத்தைக் கண்ட எவரும் அந்நியாயத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆயினும் கதவின் மறுபுறத்தில் உறங்குபவருக்கும் ஒரு நியாயம் உண்டு. சீருடையணிந்தோர் விடியற்காலையில் வாசலில் நிற்பதன் பொருளை நம் நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சாட்சி கூற வந்த மனிதனை நாம் குறுக்கு விசாரணை செய்கின்றோம். நீ எங்கே நின்றாய்? எப்பொழுது கேட்டாய்? கண்ணாற் கண்டாயா, காதாற் கேட்டாயா? கருவி கூறும் சாட்சியத்தை மாத்திரம் வினாவின்றி ஏற்கும் மனப்பாங்கு நம்மிடையே பரவி வருகின்றது. படத்தில் ஒளிரும் புள்ளிக்கு ஐயமோ தடுமாற்றமோ இல்லாதது போன்ற தோற்றமே அதற்குக் காரணம். அறிவியல் பயில்வோரின் கடமை அப்புள்ளியைப் பழிப்பதன்று; அதனைச் சுற்றி இருக்க வேண்டிய வட்டத்தையும் சேர்த்து வரைந்து காட்டுவதே. அந்த வட்டத்தினுள்ளே பல வீடுகள் இருக்கின்றன. அவற்றுள் மனிதர் வாழ்கின்றனர்.