கோழித் தீவனம் தின்னும் அடுப்பு!

நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்துக் கார்களின் நம்பர் பிளேட்டில் ஒரு வாசகம் இருக்கும்: 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப் போ!' அங்கே சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. கடையில் விற்பனை வரியும் கிடையாது. உடனே பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். மிச்சமாகிற பணத்தைக் குளிர் வந்து வசூல் பண்ணிக்கொண்டு போய்விடும்!

பாஸ்டனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் ஜாஃப்ரி. மொனாட்நாக் மலையடிவாரத்தில் சின்ன ஊர். ஜனவரி ராத்திரிகளில் மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி என்று சர்வசாதாரணமாக இறங்கும். மூக்கைச் சிந்தினால் ஐஸ் விழுமோ என்று பயமாக இருக்கும். காலேஜில் என்னோடு படித்த நண்பன் அந்தப் பக்கம்தான் வீடு வாங்கியிருக்கிறான். மனைவி, மூன்று வயசுப் பெண் குழந்தை, அப்புறம் ஹாலில் ஓர் அடுப்பு. அந்த அடுப்பும் அவனுக்கு இன்னொரு குழந்தை மாதிரிதான்.

"பசிச்சாலும் அழும், வயிறு முட்டினாலும் அழும்டா" என்றான்.

பெல்லட் ஸ்டவ் என்று பெயர். நம் ஊரில் டின்னுக்குள் மரத்தூளை அடைத்து, நடுவில் பாட்டிலை வைத்து எடுத்து ஓட்டை போட்டு எரிப்பார்களே, மரத்தூள் அடுப்பு... அதற்கு அமெரிக்காவில் படித்து வேலைக்குப் போன பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தூளைக் காயவைத்து, பெரிய அழுத்தத்தில் சல்லடை ஓட்டை வழியாகப் பிதுக்கினால் 6 மில்லிமீட்டர் கனத்தில் குச்சி குச்சியாக வரும். பசை எதுவும் வேண்டாம். மரத்தில் இருக்கிற லிக்னினே சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். நாமக்கல்காரர் யாராவது பார்த்தால் கோழித் தீவனம் என்று சத்தியம் செய்வார்.

1973-ல் பெட்ரோல் நெருக்கடி வந்தபோது அமெரிக்கர்களுக்கு ஆலைகளில் குவிந்து கிடந்த மரத்தூள் ஞாபகத்துக்கு வந்தது. 1980-களின் தொடக்கத்தில், வாஷிங்டன் மாநிலத்தில் ஜெர்ரி விட்ஃபீல்ட் என்கிற விமானத் துறைப் பொறியாளர் இந்தக் குச்சியை வீட்டுக்குள் எரிக்க அடுப்பு செய்தார். 1990-களில் ஜாஃப்ரியிலேயே பெல்லட் ஆலையும் வந்துவிட்டது. ஒரு மூட்டை 40 பவுண்டு, கிட்டத்தட்ட 18 கிலோ. கடுங்குளிரில் ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு மூட்டை வரை இந்த அடுப்பு தின்னும்.

வேலை செய்கிற விதம் சுலபம். மேலே தொட்டியில் பெல்லட்டைக் கொட்டுகிறோம். ஆகர் என்று ஒரு திருகுத் தண்டு மெல்லச் சுழன்று, கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சிகளைக் கிண்ணத்தில் போடும். இம்மர்ஷன் ஹீட்டருக்குத் தம்பி மாதிரி ஒரு கம்பி பழுத்துப் பற்றவைக்கும். ஒரு விசிறி புகையை வெளியே இழுக்கும். இன்னொரு விசிறி சூட்டை ஹாலுக்குள் ஊதும். எல்லாம் கரண்ட்!

நான் போன மூன்றாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அடுப்பு அணைந்தது. வெளியே மைனஸ் 18. திரும்பப் பற்றவைத்தால் விசிறி ஓடுகிறது, பெல்லட் மட்டும் விழவில்லை. குழந்தைக்கு ரெண்டு ஸ்வெட்டர் போட்டாயிற்று. மெக்கானிக்குக்குப் போன் பண்ணினால் ரெக்கார்டு செய்த குரல்தான். "காலையில வேற ஆளைப் பார்க்கலாம்" என்றான் நண்பன். "அதுவரைக்கும்?" என்றார் அவன் மனைவி.

பதில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. எழுபது வயசுத் தாத்தா, கையில் ஒரு டார்ச், ஒரு பெயின்ட் பிரஷ். "முதலில் காற்றைப் பார். அப்புறம் பெல்லட்டைப் பார். ஸ்க்ரூ டிரைவர் கடைசியில்" என்றார். ஆறுகிறவரைக்கும் காத்திருந்து பிளக்கைப் பிடுங்கினார். வெளியே சுவரோரம் புகைக்குழாயின் அடிமூடியைக் கழற்றினார். பொலபொலவென்று ஒரு பக்கெட் அளவுக்குச் சாம்பல்!

விஷயம் இதுதான்: புகை சரியாக வெளியே போகிறதா என்று பார்க்க அடுப்புக்குள் ஒரு வாக்குவம் சுவிட்ச் இருக்கிறது. இழுப்பு இல்லையென்றால் அது ஆகரை ஓடவிடாது. வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு புகுந்துவிடக்கூடாது என்பதற்கான காவல்காரன் அது. அடுப்பு கெட்டுப் போகவில்லை, மூச்சு அடைத்துப் போயிருந்தது. அரை மணி நேரத்தில் தீ எழுந்தது. குழந்தை ஒரு ஸ்வெட்டரைக் கழற்றியது.

காபி குடித்துக்கொண்டே தாத்தா நடத்திய பாடம் இது. தீ சோம்பலாக ஆரஞ்சு நிறத்தில் ஆடி, கண்ணாடி கறுத்தால் காற்று போதவில்லை. கிண்ணத்து ஓட்டைகளைச் சுரண்டு. கதவின் ஓரத்துக் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழு. சுலபமாக வந்தால் கயிற்றை மாற்று. (வந்த டாலரை அதற்கே வைத்துக்கொள்ளலாம்!) பெல்லட் விழுந்தும் பற்றவில்லையென்றால் பற்றவைக்கிற கம்பி போய்விட்டது. தொட்டியின் அடியில் தூள் சேர்ந்தால் ஆகர் சிக்கும். ஈரம் பட்ட மூட்டையைத் தொடாதே, அது மறுபடி மரத்தூளாகிவிடும். சாம்பலை வீட்டு வாக்குவம் கிளீனரில் இழுக்காதே. உள்ளே ஒரு கங்கு இருந்தால் கிளீனரும் எரியும், வீடும் எரியும். மூடி போட்ட இரும்பு வாளிதான் அதற்கு. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வீட்டில் இந்த அடுப்பே கூடாது.

"கரண்ட் போனால்?" என்று கேட்டேன். தமிழ்நாட்டு ஆளாயிற்றே!

தாத்தா சிரிக்கவில்லை. 2008 டிசம்பரில் அடித்த பனிப்புயலில் மரம், கம்பி எல்லாம் ஐஸ் கட்டி முறிந்து, அந்த மாநிலத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போயிற்று. சில இடங்களில் திரும்பி வர இரண்டு வாரம். மூட்டை மூட்டையாகப் பெல்லட் இருந்தும் அடுப்பு எரியாத வீடுகள். கரண்ட் நின்றால் இழுக்கிற விசிறியும் நிற்கும், கிண்ணத்தில் மிச்சமிருக்கிற குச்சி புகையும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பேட்டரி பேக்கப்போ ஜெனரேட்டரோ வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு இன்வெர்ட்டர் சமாசாரம்தான்!

ஆக, தினம் கிண்ணத்துக்குப் பத்து நிமிஷம், வாரம் ஒரு முறை உள்புறத்துக்கு அரை மணி, சீசனில் ஒரு முறையாவது புகைக்குழாய்க்கு. இதைச் செய்கிறவன் வீட்டில் ஜனவரியில் குழந்தை நிம்மதியாகத் தூங்கும்.

குளிர்காலம் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, சாம்பலை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். இதற்கு அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு குறுக்கு வழி உண்டு. இலை ஊதுகிற மெஷினின் உறிஞ்சும் வாயை, ஆறிப்போன அடுப்பின் புகைக்குழாயில் மாட்டி ஓடவிடுவார்கள். குளிர்காலம் பூராவும் சேர்ந்த சாம்பல் ஒரு நிமிஷத்தில் கருமேகமாக வெளியேறும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கறுப்பாக்கிவிட்டால், அடுத்த ஜனவரியில் டார்ச்சோடு யார் வருவார்?