பத்து மெகாஹெர்ட்ஸின் பூர்வீகம்

1970களில் தயாரான ஃப்ரீக்வென்ஸி கவுண்டர் ஒன்று சென்னை ரிச்சி தெருவில் எடைக்குப் போகவிருந்தது. வாங்கி வந்து, பவர் சப்ளையில் உலர்ந்துபோன கெப்பாசிட்டர்களை மாற்றியதும் வேலை செய்தது. ஆனால் நண்பரின் புதுக் கருவி 1,00,00,000 ஹெர்ட்ஸ் என்று காட்டிய சிக்னலை இது 1,00,00,043 என்றது. எது சரி என்று சொல்ல மூன்றாவது கருவி வேண்டும். அது சரிதான் என்று யார் சொல்வது? இந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனேன்.

கவுண்டரின் வேலை எளிது. ஒரு நொடிக்கு வாசலைத் திறந்து, உள்ளே வரும் அலைகளை எண்ணும். எண்ணும் வேலைக்கு வயதாவதில்லை, வயதாவது அந்த நொடிக்குத்தான். உள்ளேயிருக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டல் ஒரு கோடி முறை அதிர்ந்தால் அதற்கு ஒரு நொடி. கிரிஸ்டலின் மேல் நுண்ணிய மாசு படியப் படிய அதிர்வு மெதுவாகும், நொடி நீளும், கூடுதல் அலைகள் உள்ளே வந்துவிடும். அந்த 43 இப்படி வந்திருக்கலாம்.

குவார்ட்ஸ் கடிகாரத்தை 1927இல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் உருவாக்கினார். அன்றைக்கு அதைச் சரிபார்க்க இருந்தது பூமியின் சுழற்சி. சில ஆண்டுகளிலேயே நிலைமை தலைகீழானது: பூமி சீராகச் சுழலவில்லை என்பதையே குவார்ட்ஸ் கடிகாரங்கள் காட்டிக்கொடுத்தன.

அடுத்த படி அணு. 1955இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் சீசியம் கடிகாரத்தை இயக்கினார்கள். ஆனால் சீசியம் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று சொல்ல, முதலில் ஒரு நொடி வேண்டுமே! வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில் வில்லியம் மார்கோவிட்ஸ் விண்மீன்களுக்கிடையே நிலாவைப் படமெடுத்து, அதன் நகர்விலிருந்து அந்த நொடியைத் தந்தார். 1958இல் வெளியான விடை 919,26,31,770. 1967இல் அந்த எண்ணே நொடியின் வரையறையானது.

நிலா தந்த நொடிக்கும் ஒரு மூலம் உண்டு. அது வானியலாளர் சைமன் நியூகோம் 1895இல் வெளியிட்ட சூரிய அட்டவணைகளிலிருந்து வந்தது. அவர் கணக்கிட்டது 1750 முதல் 1892 வரையிலான வானாய்வுப் பதிவுகளைக் கொண்டு. ஆகவே இன்றைய அணு நொடியின் நீளம் ஏறக்குறைய 1820ஆம் ஆண்டுவாக்கில் பூமி சுழன்ற வேகத்துக்கு ஒத்தது. அதற்குப் பின் பூமி சற்றே தளர்ந்துவிட்டது. 1972க்கும் 2016க்கும் இடையே கடிகார நேரம் பூமியோடு ஒத்துப்போக 27 லீப் நொடிகளைச் சேர்க்க வேண்டியிருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

தேடலின் நுனி கிடைத்தபின் மேம்படுத்தும் வழியும் தெளிவானது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரங்கள் உள்ளன. அவற்றின் நேரம் அதே வாஷிங்டன் வானாய்வகத்தோடு ஒப்பிட்டே சீராக்கப்படுகிறது. மொட்டைமாடியில் சிறிய ஆன்டெனா வைத்தேன். ரிசீவர் நொடிக்கொரு துடிப்பைத் தரும். தனித்தனியாகப் பார்த்தால் அந்தத் துடிப்புகள் சில பத்து நானோநொடி முன்பின்னாக ஆடும். நெடுநேரச் சராசரியில் அசையா. எனவே சூடு மாறாத சிறு அடுப்புக்குள் இருக்கும் நல்ல கிரிஸ்டலைத் துடிப்புகளின் சராசரிக்கு மெல்ல மெல்ல இழுத்துப் பிடிக்கிறது சர்க்யூட். குறுகிய நேரத்துக்குக் குவார்ட்ஸ் பொறுப்பு, நெடுநேரத்துக்குச் செயற்கைக்கோள்.

அங்கிருந்து வரும் 10 மெகாஹெர்ட்ஸை வாங்கிக்கொள்ளக் கவுண்டரின் பின்பக்கத்தில் ஒரு சாக்கெட் முன்பே இருந்தது. அதை வடிவமைத்தவர்கள், உள்ளேயிருக்கும் கிரிஸ்டலை என்றாவது ஒரு நல்ல ஆதாரம் மிஞ்சும் என்று எதிர்பார்த்தே வைத்த வழி. கேபிளைச் செருகி நண்பரின் சிக்னலை மறுபடி அளந்தேன். 43 போயிற்று, கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடியும் குறைந்தும் ஆடியது. வாசல் ஓர் அலையின் நடுவே திறப்பதால் வரும் ஆட்டம் அது. பத்து நொடி எண்ணினால் பத்தில் ஒரு ஹெர்ட்ஸாகச் சுருங்கும். பழைய கவுண்டரை மேம்படுத்த நினைப்பவர் எண்ணும் பலகைகளில் கை வைக்க வேண்டாம். அவை சரியாகத்தான் எண்ணுகின்றன. நொடியை மாற்றிக் கொடுத்தால் போதும்.