காதில் வேப்பங்குச்சி

நேற்று டிஸ்சார்ஜ் நேரத்தில் ஓர் அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து, கசங்கிய நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக நீவி எண்ணினார். காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி. கணவரைச் சேர்க்க வந்த அன்று தோடு இருந்தது.

சிறு ஊரில் இருபது படுக்கை மருத்துவமனையை நிர்வகிக்கிறேன். நர்ஸ் சம்பளம், ஜெனரேட்டர் டீசல், ஆக்சிஜன், வங்கித் தவணை எதுவும் காத்திருக்காது. காப்பீட்டுப் பணம்தான் நம்மைக் காக்க வைக்கும்.

இப்படித் திணறும்போதெல்லாம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நினைவுக்கு வரும். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. கட்டணம் தருபவர்களின் பணத்தில் இல்லாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலை எட்டாதபோது, 1992இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள்.

இன்று முதல், சேர்க்கும்போதே செலவு மதிப்பீட்டைத் தமிழில் எழுதிக் கொடுப்போம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று நாங்களே முதலில் கேட்போம். இனி ஒரு தோடும் அடகுக்கடைக்குப் போகக்கூடாது.