கண்டி மாநகரில் சிறுவருடன் ஒரு நாள்

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கண்டி என்பது முதலில் ஒரு வீதியின் பெயராகவே அறிமுகமாகின்றது. பட்டினத்திலிருந்து புறப்படும் கண்டி வீதி, ஆனையிறவைக் கடந்து, வன்னிப் பெருநிலத்தை ஊடறுத்து, தம்புள்ளை, மாத்தளை வழியாக ஏறத்தாழ 320 கிலோமீற்றர் ஓடி, மலைநாட்டின் பழைய அரச நகரில் முடிவடைகின்றது. அவ்வீதியின் மறுமுனையில் என்ன இருக்கின்றது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுதல் பெற்றோர் கடமைகளுள் ஒன்றென்றே கூறலாம். சென்ற விடுமுறையில் எம் இல்லத்துச் சிறுவர் மூவரை அழைத்துக்கொண்டு நாமும் அங்குச் சென்றோம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், குன்றுகள் அரணாக நிற்க, மகாவலி கங்கை வளைந்தோட, நடுவே கிண்ணம் போல் அமைந்தது கண்டி. கரையோரத்தைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அடுத்தடுத்து ஆண்ட காலத்திலும், 1592 முதல் 1815 வரை இந்நகர் சுதந்திர இராச்சியத்தின் தலைநகராக விளங்கியது. பகைவர் சிலவேளை நகருள் புகுந்ததுண்டு, தீயிட்டதும் உண்டு. ஆயினும் நிலைத்திருக்க முடியவில்லை. காடும் மலையும் காய்ச்சலும் அரசனின் படைகளுக்குத் துணை நின்றன.

சிறுவரை அழைத்துச் செல்வோர் முதலில் வாவிக்கரைக்குச் செல்லுதல் நன்று. கரையைச் சுற்றி வர மூன்று கிலோமீற்றருக்கு மேல் உண்டு. நிழல் தரும் பெருமரங்களும் உண்டு. வயல்வெளியாகக் கிடந்த பள்ளத்தை அணையிட்டு மறித்து, 1807ஆம் ஆண்டளவில் இவ்வாவியை அமைப்பித்தவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கரையோரம் மேகக் கூட்டம் போல் வளைந்து வளைந்து செல்லும் வெண்சுவரில் முக்கோண மாடங்கள் இருக்கின்றன. அவை விழா இரவுகளில் விளக்கேற்றுவதற்கானவை. அச்சுவர் முற்றுப்பெறவே இல்லை. அதற்குள் அரசே முடிந்துவிட்டது.

"இந்தக் குளத்தை வெட்டியவர்களுக்குக் கூலி கொடுத்தார்களா, அப்பா?" என்று எம் சிறுமி கேட்டாள். கொடுக்கவில்லை. நிலம் பெற்ற குடிகள் அதற்கு ஈடாக அரசனுக்கு ஊதியமின்றி உழைக்க வேண்டும் என்ற இராசகாரிய முறை அன்று நிலவியது. அம்முறை 1832ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. அழகிய நீர்ப்பரப்பைக் கண்டவுடன் மண் சுமந்தவரை நினைத்த அக்கேள்வி எமக்கு மகிழ்வளித்தது.

வாவிக்கு எதிரே தலதா மாளிகை. புத்த பெருமானின் தந்ததாது இருக்கும் இடமாதலால், பாதணிகளைக் களைந்து, தோளும் முழங்காலும் மறைய உடுத்துச் செல்ல வேண்டும். நாளில் மூன்று வேளை பூசை நிகழும். அவ்வேளையில் சென்றால் சிறுவர் முழவொலியைக் கேட்டு மகிழ்வர். முகப்பிலே நிற்கும் எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவ 1802ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அரசன் மக்களுக்குத் தோற்றமளித்த அவ்விடம் பின்னர் ஏட்டுச்சுவடிகளின் நூலகமாயிற்று.

வாயிலில் காவலர் பைகளைச் சோதித்தபோது, "ஏன்?" என்றான் இளையவன். 1998ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் இங்குப் பலர் மாண்டனர். மாளிகை பெருஞ்சேதமுற்றுப் பின்னர் திருத்தப்பட்டது. இதனை மறையாது கூறினோம். பிறர் வணங்கும் இடத்தில் நேர்ந்த துயரம் நம் துயரமே என்பதைப் பிள்ளைகள் இளமையிலேயே அறிதல் வேண்டும்.

அருகே நாத தேவாலயம் இருக்கின்றது. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் கல்வேலைப்பாடு தென்னிந்தியக் கோயில்களை நினைவூட்டும். அடுத்து பத்தினித் தேவாலயம். பத்தினி என்பவள் நம் கண்ணகியே என்றதும் சிறுவர் வியந்தனர்.

வியப்பு அத்துடன் நிற்கவில்லை. கண்டியைக் கடைசியாக ஆண்ட மன்னர் நால்வரும் மதுரைப் பக்கத்து நாயக்கர் குலத்தவர். மணவுறவால் வந்து, 1739இல் அரியணை ஏறிய அம்மரபினர் தெலுங்கும் தமிழும் அறிந்தவர். ஆயினும் பௌத்தத்தைப் போற்றி ஆண்டனர். அவருள் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனே 1753இல் சியாம் நாட்டுத் தேரர்களை வருவித்து, அற்றுப்போயிருந்த உபசம்பதையை மீண்டும் தொடங்கச் செய்தவன். கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரமனோ 1798இல் முடிசூடினான்.

"அப்படியானால் அவர் நம்முடைய அரசர்!" என்று மூத்தவன் பெருமிதத்துடன் கூறினான். அவ்வேளை நாம் நின்ற இடத்திற்கு அருகிலேதான் 1814ஆம் ஆண்டு அக்கொடுமை நிகழ்ந்தது. ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்த எகலப்பொல அதிகாரமைப் பழிவாங்க, அவன் பிள்ளைகளைத் தாயின் கண்முன்னே சிரச்சேதம் செய்வித்தான் மன்னன். மூத்த மகன் அஞ்சித் தாயைப் பற்றிக்கொள்ள, பத்து வயதுகூட நிரம்பாத மத்தும பண்டார முன்வந்து தலை கொடுத்தான் என்பர். தாயும் பின்னர் நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள்.

சிறுவர் மௌனமாயினர். ஆங்கிலேயர் தம் படையெடுப்புக்கு நியாயம் தேடி மன்னனின் குற்றங்களைப் பெருக்கி எழுதியதும் உண்மை. பிள்ளைகள் கொலையுண்டதும் உண்மை. நம் மொழி பேசினான் என்பதற்காக ஒருவனை நல்லவனாக்குதலும் தவறு. பிறமொழி பேசினான் என்பதற்காக அரக்கனாக்குதலும் தவறு. இதனை விளக்குதற்குக் கண்டியினும் ஏற்ற பாடசாலை வேறில்லை.

மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபத்தின் செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்களிடையே அப்பாடம் நிறைவுறுகின்றது. 1815 மார்ச் 2ஆம் நாள் தேசாதிபதி பிரௌன்றிக் முன்னிலையில் கண்டிப் பிரதானிகள் இராச்சியத்தை ஆங்கில முடிக்கு ஒப்படைத்தது இங்கேதான். அவ்வொப்பந்தத்தில் கையொப்பமிட்ட சிங்களப் பிரதானிகளுள் சிலர் தமிழ் எழுத்திலே ஒப்பமிட்டிருக்கின்றனர். அதே ஒப்பந்தம் மன்னனின் உறவினர் கண்டி நாட்டுள் நுழைதலையும் தடை செய்தது. எகலப்பொலவும் நற்பயன் பெறவில்லை. ஆங்கிலேயர் அவனை மொறீசியசுக்கு நாடுகடத்தினர், அங்கேயே மாண்டான்.

பள்ளே வாகல என்னும் அரசியர் மாளிகையில் உள்ள தேசிய நூதனசாலையையும் காணத் தவறலாகாது. ஆனால் அரியணையை இங்குத் தேட வேண்டாம். இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு 1934இல் திரும்பி வந்த அது, கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. அதில் வீற்றிருந்தவனோ 1816இல் கடல் கடத்தப்பட்டு, வேலூரில் சிறையிருந்து, 1832 ஜனவரி 30ஆம் நாள் இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி உள்ள இடத்தில் தமிழ்நாட்டு அரசு முத்துமண்டபம் எழுப்பியுள்ளது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கண்டியை ஒரே மூச்சில் காட்டி முடிக்க முயல வேண்டாம். காலையில் வாவியும் மாளிகையும், வெயில் ஏறியபின் நூதனசாலையும் போதும். கேள்விகளுக்கு நேரம் விடுங்கள். எந்த அரசன் எத்தனை ஆண்டு ஆண்டான் என்பதைப் பாடநூல் சொல்லித் தரும். மண் சுமந்தவர் யார், அழுதவர் யார், அவருள் நம்மவர் யார், பிறர் யார் என்று பிரித்து அழ முடியுமா என்பவற்றை அந்த மண்ணில் நின்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். அக்கேள்விகளுக்கு அஞ்சாது விடை கூறும் பெற்றோரின் பிள்ளைகள், கண்டி வீதியின் இரு முனைகளையும் தம்முடையனவாகக் கருதி வளர்வர்.