சோர்ந்துபோன காவலர்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1–8



வல்லம் வடகால் சிப்காட்டில் பணிபுரியும் நம் சபைச் சகோதரர் ஒருவர் இரத்தப் புற்றுநோயால் வாடுகிறார். ஜெபிக்கச் சென்ற என்னிடம் அவர், "ஐயா, என் விசுவாசம் குறைவுபட்டதாலா இந்நோய் வந்தது?" என்று கேட்டார். யாரோ அவரிடம் அப்படிச் சொல்லியிருந்தனர். என் உள்ளம் கலங்கியது.

நம் இரத்தத்தில் டி-செல்கள் என்னும் காவலரைத் தேவன் வைத்திருக்கிறார். போலி அடையாள அட்டையுடன் தொழிற்சாலை வாயிலைக் கடக்கும் அந்நியனைப்போல, உடலின் சொந்தச் செல்லாகத் தோன்றும் புற்றுச் செல் அவர்களைக் கடந்துவிடுகிறது. தாக்கவிடாமல் சமிக்ஞை கொடுத்து அடக்குகிறது. நெடும் போரில் காவலர் களைத்துப்போகின்றனர். அவர்கள் கடமை தவறியவர்கள் அல்லர், ஒடுக்கப்பட்டவர்கள்.

கார்-டி சிகிச்சையில் மருத்துவர்கள் நோயாளியின் டி-செல்களையே பிரித்தெடுத்து, பகைவனை அடையாளங்காணும் ஆற்றலை மரபணு வழியாகச் சேர்த்து, பெருக்கி, மீண்டும் அவருடைய உடலுக்குள் அனுப்புகின்றனர். ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் சிகிச்சை 2023இல் நம் நாட்டில் அனுமதி பெற்றது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் தொடங்கிய பணியின் கனியாகிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் இச்செல்களை அங்கேயே தயாரித்துச் சோதனை நடத்தியுள்ளனர். இச்சிகிச்சை எல்லாருக்கும் பொருந்துவதில்லை. அனுப்பப்பட்ட செல்களும் சில வேளை களைத்துப்போகின்றன; அக்களைப்பை நீக்கும் வழியை ஆய்வாளர் தேடிவருகின்றனர்.

அன்று அச்சகோதரருக்கு எலியாவின் வரலாற்றை வாசித்தேன். கர்மேலில் அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி, சூரைச்செடியின்கீழ் சாவை வேண்டிப் படுத்திருந்தார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதனை அனுப்பி, இருமுறை தட்டியெழுப்பி, அடையும் தண்ணீரும் தந்தார். உண்டு எழுந்தவர் நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்தார். சோர்வு அவிசுவாசம் அன்று. சோர்ந்தவரைப் பலப்படுத்தி மீண்டும் அனுப்புவதே தேவனுடைய வழி.

ஆகவே, நோயுற்றவரின் விசுவாசத்தை எடைபோடாதிருங்கள். அடை கொண்டுசென்ற தூதனைப்போல அவரிடம் செல்லுங்கள். இரத்தமும் தட்டணுக்களும் தானம் செய்யுங்கள். அவர் மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் பிள்ளைகளுக்கு உணவளியுங்கள். சிகிச்சையால் அவருடைய எதிர்ப்பாற்றல் குன்றியிருப்பதால், சளியோ காய்ச்சலோ உள்ளவர்கள் வீட்டிலிருந்தே ஜெபியுங்கள். அதுவும் அன்பின் ஊழியமே.

ஜெபம்: எலியாவைத் தட்டியெழுப்பிய ஆண்டவரே, சோர்ந்துபோன எங்கள் சகோதரரைப் பலப்படுத்தும். அவரைக் காயப்படுத்தும் சொற்களிலிருந்து எங்கள் நாவைக் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.