கப்பல் ஒரு பகல் நிற்கிறதா? புனே வேண்டாம்

மும்பை பல்லார்ட் பியரில் சொகுசுக் கப்பல் ஒரு பகல் நின்றால், அதற்குள் புனேவையும் பார்த்துவிடலாம் என்று பயணிகள் சிலர் திட்டம் போடுகிறார்கள். ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். இடையில் சுமார் 150 கிலோமீட்டர். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். லோனாவாலா மலைப்பாதையில் ஒரு லாரி மக்கர் செய்தால் கணக்கே தப்பிவிடும்; கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. மிஞ்சும் நேரத்தில் சனிவார் வாடா கோட்டை வாசலில் படம் எடுக்கலாம், அவ்வளவுதான். ஆகா கான் மாளிகை அப்படி ஓடிப் பார்க்கும் இடமல்ல. 1942இல் காந்தியைச் சிறை வைத்ததும், 1944இல் கஸ்தூர்பா உயிர் நீத்ததும் அங்கேதான். அவர் சமாதிமுன் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கக் கூடாது.

"இவ்வளவு செலவழித்துவிட்டுத் துறைமுகத்தையே சுற்றுவதா?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் துறைமுகத்தை ஒட்டியே இருக்கும் பல்லார்ட் எஸ்டேட், கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட் திட்டமிட்ட பகுதி. ஒரே சீரான கல் கட்டடங்களும் மரநிழலும் நடக்கச் சுகமானவை. 1923இல் தொடங்கிய பிரிட்டானியா உணவகத்தில், புளிப்பான சிவப்புப் பெர்ரிகள் தூவிய புலாவ் கிடைக்கும். சற்றுத் தள்ளி ஹார்னிமன் சர்க்கிள் பூங்கா, எதிரே 1833இல் கட்டி முடித்த டவுன் ஹால். குறைவாகப் பார்த்தாலும் நின்று பார்த்தது மனதில் தங்கும். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அலைச்சல் இல்லை. புனேவுக்கென்று தனியாக இரண்டு நாள் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். அந்த ஊருக்கு அது தகும்.